தனியாக இருப்பவர் முக்கால் பங்கு வரி கட்டுவது நியாயமா?

வாசகர் கேள்வி:

"எனக்கு 71 வயது. வடமேற்கு லண்டனில் எங்கள் சொந்த வீட்டில் இருக்கிறேன். மூன்று படுக்கையறை, பேண்ட் ஈ என்ற வரிப் பிரிவு. என் கணவர் சென்ற மார்ச் மாதம் காலமானார். கடைசி மூன்று வருடம் அவருக்கு டிமென்ஷியா. அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்ற அரசு உதவிப் பணம் வந்தது, கவுன்சில் அனுப்பிய கேரர் காலையில் வந்து குளிப்பாட்டிவிட்டுப் போவார். சக்கர நாற்காலி என்பதால் கீழே ஒரு ஷவர் அறையும் கட்டினோம். அப்போது வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

இப்போது நான் ஒருத்தி. இந்த வருடம் கவுன்சில் டாக்ஸ், அதாவது உள்ளூராட்சி வீட்டு வரி, 2,640 பவுண்டு. தனியாக இருப்பதால் கால் பங்கு கழித்து 1,980 கட்டச் சொல்கிறார்கள். பக்கத்து வீடும் எங்கள் வீடு மாதிரியேதான். அங்கே பெரியவர்கள் ஆறு பேர், ஐந்து பேர் வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்கும் 2,640தான். அவர்கள் தலைக்கு 440 கொடுக்க, நான் 1,980 கொடுக்கிறேன். என் குப்பைத் தொட்டி பாதிகூட நிறைவதில்லை. இது எந்த ஊர் நியாயம்?

என் வருமானம் ஸ்டேட் பென்ஷனும் கணவருடைய வேலைப் பென்ஷனில் ஒரு பங்குமாக வாரம் 240 பவுண்டு. சேமிப்பு எட்டாயிரம். கைவிரல்களில் மூட்டுவாதம், உடுப்பு மாற்றவே நேரம் எடுக்கிறது. குளிக்கப் போனால் விழுந்துவிடுவேனோ என்று பயம். மகன் தன் குடும்பத்தைப் பிரிந்து, என்னோடு வந்து இருக்கக் கேட்கிறான். அவன் வந்தால் தள்ளுபடி போய்விடுமா? தூரத்து உறவுப் பிள்ளை ஒருத்தி மாஸ்டர்ஸ் படிக்க வருகிறாள், அவளை வாடகைக்கு வைக்கலாமா? கவுன்சிலுக்குச் சொல்லாமல் விட்டால் போதும் என்று கோயிலில் ஒருவர் சொன்னார். இந்தத் தள்ளுபடியையே எடுக்கப்போகிறார்கள் என்றும் கதைக்கிறார்கள்."

பதில்:

அன்புள்ள அம்மா,

நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு வருமுன், கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவர் டிமென்ஷியாவோடு இருந்த மூன்று வருடமும் நீங்கள் முழு வரி கட்டியிருப்பதாகத் தெரிகிறது. கட்டியிருக்க வேண்டியதில்லை.

கவுன்சில் டாக்ஸ் சட்டத்தில் சிலரை வீட்டில் இருப்பவராகவே எண்ணுவதில்லை. 18 வயதுக்குக் குறைந்தவர்கள், முழுநேர மாணவர்கள், இன்னும் சிலர். டிமென்ஷியா போன்ற நோயால் மனச்செயல்பாடு கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். அதற்கு இரண்டு தேவை. மருத்துவர் அதை உறுதிசெய்து கையெழுத்திட வேண்டும், நோயாளிக்கு அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் போன்ற ஒரு கொடுப்பனவுக்கு உரிமை இருக்க வேண்டும். உங்கள் கணவருக்கு அலவன்ஸ் வந்துகொண்டிருந்தது. ஆகவே அந்தக் காலத்தில் கணக்குப்படி வீட்டில் எண்ணப்பட வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான். இன்று கிடைக்கும் அதே 25 சதவீதத் தள்ளுபடி அன்றைக்கே கிடைத்திருக்க வேண்டும்.

படிவத்தில் 'சிவியர் மென்டல் இம்பேர்மென்ட்', அதாவது கடுமையான மனக்குறைபாடு, என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, இது எங்கள் அப்பாவுக்குப் பொருந்தாது, அவர் ஞாபகமறதிக்காரர் மட்டும்தான் என்று மூடி வைத்துவிடும் குடும்பங்கள் எத்தனையோ. டிமென்ஷியா உறுதியானபோது மருத்துவமனையிலோ ஜிபியிலோ (குடும்ப மருத்துவர்) இந்த வரிச் சலுகையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்களுக்கு இந்த நிலை வந்திருக்காது. வருடத்துக்கு 600 பவுண்டு அளவில் மூன்று வருடம் என்று பாருங்கள். கணவரைப் பார்த்துக்கொண்டே அந்தப் பணத்தையும் கட்டியிருக்கிறீர்கள். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம்.

அவர் காலமாகிவிட்டாரே, இனி என்ன என்று நினைக்க வேண்டாம். பல கவுன்சில்கள் இதைப் பின்தேதியிட்டுத் தருகின்றன. ஜிபியிடம் அவருடைய பழைய பதிவுகள் இருக்கும். எந்தத் தேதியிலிருந்து அவர் நிலை அப்படி இருந்தது என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அலவன்ஸ் வந்த கடிதம் ஒன்றைத் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால், பணம் வந்து சேர்ந்த வங்கி அறிக்கையோடு தொடங்குங்கள். இரண்டையும் வைத்து கவுன்சிலுக்கு எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் வேண்டாம், எழுத்தில்.

அந்தக் கடிதத்திலேயே ஷவர் அறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடல் இயலாதவர் ஒருவருக்காக வீட்டில் கூடுதலாக ஒரு குளியலறையோ சமையலறையோ இருந்தால், அல்லது வீட்டுக்குள் சக்கர நாற்காலியில் நடமாட இடம் தேவைப்பட்டால், அந்த வீட்டின் வரியை ஒரு பேண்ட் கீழே வைத்துக் கணக்கிட வேண்டும். பேண்ட் ஈ வீட்டுக்கு பேண்ட் டி கட்டணம். உங்கள் கவுன்சிலில் இன்றைய விலைக்கு 2,640க்குப் பதில் 2,160. வீட்டின் பேண்ட் மாறாது, பில் மட்டும் குறையும். இதற்கு வருடாவருடம் விண்ணப்பம் கேட்பார்கள். எவ்வளவு தூரம் பின்னுக்குப் போவார்கள் என்பது கவுன்சிலைப் பொறுத்தது. கேட்டுப் பார்ப்பதில் உங்களுக்கு இழப்பு எதுவும் இல்லை.

சரி, இனி நியாயத்துக்கு வருவோம்.

ஊரில் சோலை வரி, அதாவது வீட்டு வரி, வீட்டின் பெறுமதியை வைத்து வரும். உள்ளே எத்தனை பேர் என்று யாரும் எண்ணுவதில்லை. பிரிட்டனிலும் 1990 வரை அப்படித்தான், 'ரேட்ஸ்' என்று பெயர். உங்கள் கோபத்தை அன்றைய பிரதமர் மார்கரெட் தாட்சரின் ஆட்கள் மேடைக்கு மேடை பேசினார்கள். தனியே வாழும் விதவையும், நான்கைந்து பேர் உழைக்கும் பக்கத்து வீடும் ஒரே தொகை கட்டுவது அநியாயம் என்றார்கள். அதைச் சரிசெய்கிறோம் என்று சொல்லி 1989இல் ஸ்காட்லாந்திலும், 1990இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தலைவரி கொண்டுவந்தார்கள். பெரியவர் ஒவ்வொருவருக்கும் ஒரே தொகை, தனித்தனி பில்.

அந்தக் காலத்தில் லண்டன் வந்த நம் ஆட்களில் பலருக்கு அது நினைவிருக்கும். ஒரே வீட்டில் ஐந்தாறு பேராகச் சேர்ந்திருந்து, பெட்ரோல் நிலையத்திலும் கடையிலும் இரவு வேலை செய்தவர்களுக்குத் தலைக்கொரு பில் வந்தது. பெரிய மாளிகையில் இருந்த தம்பதிக்கு இரண்டே பில்கள். 1990 மார்ச் 31 அன்று டிராஃபல்கர் சதுக்கத்தில் பெரிய கலவரம். அதே வருடம் நவம்பரில் தாட்சர் பதவி இழந்தார். அடுத்த வருடம், தலைவரி பில்களை ஆளுக்கு 140 பவுண்டு குறைப்பதற்காக, வாட் வரியை 15இலிருந்து 17.5 சதவீதமாக உயர்த்தினார்கள்.

1993 ஏப்ரலில் வந்த கவுன்சில் டாக்ஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் செய்த சமரசம். பில்லில் பாதி வீட்டுக்கு, பாதி ஆட்களுக்கு. ஆட்களுக்கான பாதியில் இரண்டு பெரியவர்கள் இருப்பதாக வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் 2,640இல் வீட்டுக்கு 1,320. ஆளுக்கு 660 வீதம் இரண்டு பேருக்கு இன்னொரு 1,320. நீங்கள் ஒருவர் என்பதால் 660 கழிகிறது. மூன்றாவது ஆளிலிருந்து எண்ணுவதை நிறுத்திவிடுகிறார்கள். பக்கத்து வீட்டில் ஆறு பேர் என்றாலும் இரண்டு பேருக்கான கணக்குத்தான்.

ஆகவே நீங்கள் கண்டது உண்மை. ஆட்களை எண்ணுவோம் என்று தொடங்கிவிட்டு இரண்டோடு நிறுத்தினால் பெரிய குடும்பங்களுக்கு அது வசதி. ஆனால் ஆறு பேரையும் எண்ணச் சொன்னால் என்ன ஆகும்? அந்த வீட்டின் பில் 5,280 ஆகும். அவர்களில் இரண்டு பேர் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு உழைப்பவர்களாக இருந்தாலும் அவர்களுக்கும் அதே பங்குதான் வரும். தலைவரி தோற்றது அந்த இடத்தில்தான். அதைத் திரும்பக் கேட்க என்னால் முடியாது, நீங்களும் கேட்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

குப்பைத் தொட்டியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பலரும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். ஆனால் லண்டன் கவுன்சில் ஒன்றின் செலவில் குப்பை சிறு பகுதி. பெரும் பங்கு முதியோரையும் இயலாதவரையும் பராமரிக்கவும், பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளைகளுக்கும் போகிறது. காலையில் உங்கள் கணவரைக் குளிப்பாட்ட வந்த அந்தக் கேரர் இந்தப் பணத்தில் வந்தவர். பயன்படுத்தும் அளவுக்கு வரி என்று வைத்தால், அந்த மூன்று வருடம் தெருவிலேயே அதிகம் கட்டியிருக்க வேண்டியது உங்கள் வீடு. அப்படி ஒரு முறை யாருக்கும் வேண்டாம்.

ஆனால் கால் பங்கு போதுமா என்று கேட்டால், போதாது என்பதுதான் என் பதில். இதற்கு அரசின் சொந்தக் கணக்கே சாட்சி. வருமானம் குறைந்த முதியோருக்கு அரசு தரும் பென்ஷன் கிரெடிட்டில், ஓய்வு பெற்ற ஒருவர் வாழ வாரத்துக்குக் குறைந்தது எவ்வளவு தேவை என்று அரசு ஒரு தொகை வைத்திருக்கிறது. 2025–26இல் தனி ஆளுக்கு 227.10 பவுண்டு. தம்பதிக்கு 346.60. அதாவது இருவருக்கு நூறு தேவை என்றால் ஒருவருக்கு அறுபத்தைந்தரை. வீட்டுச் சூடும் கூரை திருத்தமும் ஆள் குறைந்ததால் பாதியாகிவிடாது என்பதால் அது ஐம்பதுக்கு இறங்கவில்லை, அது சரிதான். ஆனால் கொடுக்கும்போது 65 என்று எண்ணும் அரசு, வாங்கும்போது 75 என்று எண்ணுகிறது. ஒரே அளவை இரண்டுக்கும் வைத்தால் உங்கள் பில் 1,730 அளவில் இருக்க வேண்டும். வருடம் 250 பவுண்டு உங்களிடம் கூடுதலாக வாங்குகிறார்கள். தள்ளுபடி கால் பங்காக இல்லாமல் மூன்றில் ஒரு பங்காக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிரிட்டனில் பத்து வீடுகளில் மூன்றில் ஒருவர் மட்டுமே வாழ்கிறார். அப்படி வாழ்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் 65 வயது தாண்டியவர்கள். இத்தனை பேரைப் பற்றிய கணக்கு இது.

இதைவிடப் பெரிய அநியாயம் பேண்டில் இருக்கிறது, உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இல்லை. இங்கிலாந்தில் எல்லா வீடுகளுக்கும் 1991 ஏப்ரல் 1 அன்றைய விலைதான் இன்னமும் அடிப்படை. வேல்ஸில் 2003 விலைக்கு மாற்றினார்கள், இங்கிலாந்தில் எந்த அரசும் அதில் கை வைக்கத் துணியவில்லை. அன்று 40,000 பவுண்டுக்குள் இருந்த வீடு பேண்ட் ஏ. 3,20,000க்கு மேல் இருந்ததெல்லாம் பேண்ட் ஹெச். விலையில் எட்டு மடங்குக்கு மேல் வித்தியாசம், வரியில் மூன்று மடங்குதான். தள்ளுபடியும் சதவீதத்தில் வருவதால், மாளிகையில் தனியே இருக்கும் செல்வந்தருக்கு, பேண்ட் ஏ ஃபிளாட்டில் தனியே இருக்கும் மூதாட்டியைவிட மூன்று மடங்கு அதிகம் மிச்சமாகிறது. வருமானத்தை யாரும் பார்ப்பதில்லை.

பெரிய வீட்டில் ஏன் தனியாக இருக்கிறீர்கள், விற்றுவிட்டுச் சின்னதாக வாங்குங்கள் என்று சொல்லும் பொருளாதாரக்காரர்களும் இருக்கிறார்கள். தள்ளுபடி இருப்பதால்தான் முதியவர்கள் நகராமல் இருக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். 71 வயதில் பழகிய ஜிபியை, பஸ் வழியை, கோயிலை, கதவைத் தட்டி நலம் கேட்கும் அயலவரை விட்டுப் போகச் சொல்வது எளிது. விற்கும் செலவு, வாங்கும் செலவு, ஸ்டாம்ப் டியூட்டி எல்லாம் கழித்தால் மிச்சம் எவ்வளவு என்று அவர்கள் பார்க்கட்டும். நீங்களாக விரும்பினால் போங்கள். வரிக்காகப் போக வேண்டாம்.

தள்ளுபடியை எடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு 2024 இலையுதிர் காலத்தில் பத்திரிகைகளில் கிளம்பியது. அதில் மாற்றம் செய்யப்போவதில்லை என்று அரசு பிறகு சொல்லிவிட்டது. 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்த புதிய கூடுதல் வரி இரண்டு மில்லியன் பவுண்டுக்கு மேற்பட்ட வீடுகளுக்கு, அதுவும் 2028 ஏப்ரலிலிருந்து. உங்கள் வீடு அதில் வராது.

இப்போது உங்கள் கையில் இருக்கும் வழி. இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள்.

உங்கள் வருமானம் வாரம் 240. பென்ஷன் கிரெடிட்டின் எல்லை 227.10 (இங்கே சொல்லும் சலுகைத் தொகைகள் எல்லாம் 2025–26 கணக்கு). பதின்மூன்று பவுண்டு கூடிவிட்டதால் உங்களுக்கு எதுவும் இல்லை என்று யாராவது சொல்லியிருக்கக்கூடும். ஆனால் உடுப்பு மாற்றவும் குளிக்கவும் சிரமம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு மாதத்துக்கு மேலாக அப்படி இருந்தால் நீங்களே அட்டெண்டன்ஸ் அலவன்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். யாராவது உங்களைக் கவனிக்க இருக்கிறார்களா என்பது கேள்வியே இல்லை. உதவி தேவைப்படுகிறதா என்பதுதான் கேள்வி. வருமானமும் சேமிப்பும் பார்ப்பதில்லை. கிடைத்தால் வாரம் 73.90, இரவிலும் பகலிலும் தேவை என்றால் 110.40.

அது வந்ததும் இன்னொரு கதவு திறக்கிறது. தனியாக வாழ்ந்து இந்த அலவன்ஸ் பெறுபவருக்கு, அவரைக் கவனிப்பதாகச் சொல்லி வேறு யாரும் கேரர்ஸ் அலவன்ஸ் வாங்காவிட்டால், பென்ஷன் கிரெடிட் எல்லையில் வாரம் 82.90 சேர்க்கிறார்கள். அப்போது உங்கள் எல்லை 310 பவுண்டு. அலவன்ஸை வருமானமாக எண்ணமாட்டார்கள், பத்தாயிரத்துக்குள் இருக்கும் சேமிப்பையும் எண்ணமாட்டார்கள். உங்கள் 240க்கும் 310க்கும் நடுவில் இருக்கும் 70 பவுண்டு வாராவாரம் உங்களுக்கு வரும். பென்ஷன் கிரெடிட்டின் இந்தப் பகுதி கிடைத்தவருக்கு, வீட்டில் வேறு பெரியவர்கள் இல்லையென்றால், கவுன்சில் டாக்ஸ் முழுவதும் தள்ளுபடி. 1,980க்குப் பதில் பூச்சியம். ஓய்வூதிய வயதுக்காரர்களுக்கான இந்தச் சலுகை தேசிய விதி, கவுன்சில் தன் விருப்பத்துக்குக் குறைக்க முடியாது. ஆனால் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், தானாக வராது.

அலவன்ஸ் படிவத்தில் நம் அம்மாக்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. 'சமாளித்துக்கொள்கிறேன்' என்று எழுதிவிடுவார்கள். பொத்தான் போட எவ்வளவு நேரம் ஆகிறது, குளிக்கப் பயந்து எத்தனை நாள் உடம்பைத் துடைத்துக்கொண்டு விடுகிறீர்கள், கேத்தலைத் தூக்க முடிகிறதா, எல்லாவற்றையும் உள்ளபடி எழுதுங்கள். நல்ல நாளை எழுத வேண்டாம், மோசமான நாளை எழுதுங்கள். ஏஜ் யூகே அல்லது சிட்டிசன்ஸ் அட்வைஸ் தொண்டு அமைப்பில் இலவசமாக நிரப்பித் தருவார்கள். தமிழில் கேட்டு எழுதக்கூடிய ஒருவரைக் கூட்டிப் போங்கள், ஆனால் அது மகனாக இருந்தால் அவர் முன்னால் கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள்.

மகனைப் பற்றி. அவர் இரண்டு மூன்று வாரம் தங்கிப் போனால் எதுவும் மாறாது. உங்கள் வீடே அவருடைய முக்கிய வதிவிடம் என்றாகிவிட்டால், தள்ளுபடி போய்விடும். வருடம் 660, மாதம் 55 பவுண்டு. வீட்டு உரிமை உங்கள் பேரில் இருப்பதால் பில்லுக்குப் பொறுப்பும் நீங்கள்தான். அந்த 55ஐ மகனிடம் கேட்டு வாங்குங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அவருக்கு வருமானம் மிகக் குறைவு என்றால், 'செகண்ட் அடல்ட் ரிபேட்' என்று ஒன்று இருக்கிறது. உங்கள் வருமானத்தைப் பார்க்காமல், உடன் இருக்கும் பெரியவரின் வருமானத்தைப் பார்த்து, 25 சதவீதம் வரை குறைப்பார்கள்.

ஆனால் மேலே சொன்ன 82.90 தனியாக இருப்பவருக்கு என்பதை மறக்க வேண்டாம். மகன் நிரந்தரமாக வந்தால் அதுவும் போகும், அதோடு பென்ஷன் கிரெடிட்டும் முழு வரித் தள்ளுபடியும் போகக்கூடும். மகனுக்கு இடம் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிரிந்து வந்திருக்கும் பிள்ளைக்கு அம்மா வீடு வேண்டும். எவ்வளவு காலம், எப்போதிலிருந்து என்பதை இருவரும் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

மாணவி விஷயம் சுலபம். முழுநேர மாஸ்டர்ஸ் படிப்பவரை வரிக்கு எண்ணமாட்டார்கள், உங்கள் 25 சதவீதம் அப்படியே இருக்கும். பல்கலைக்கழகத்தில் கவுன்சில் டாக்ஸுக்கான மாணவர் சான்றிதழ் எடுத்துத் தரச் சொல்லுங்கள். படிப்பு முடியும் தேதியைக் குறித்துவையுங்கள், அன்றிலிருந்து அவரை எண்ணுவார்கள். அவர் தரும் வாடகையைப் பென்ஷன் கிரெடிட் படிவத்தில் சொல்ல வேண்டும்.

கோயிலில் கிடைத்த ஆலோசனையைக் கேட்காதீர்கள். வீட்டில் ஆள் கூடினால் 21 நாளுக்குள் கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் 70 பவுண்டு அபராதம், தள்ளுபடி முழுவதையும் திருப்பிக் கேட்பார்கள். தெரிந்தே பொய் சொன்னதாகத் தெரிந்தால் வழக்கும் வரலாம். வாக்காளர் பட்டியலையும் தள்ளுபடிப் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்ப்பது இப்போது வழக்கமான வேலை. மகன் தன் வங்கிக் கடிதத்துக்கு உங்கள் முகவரியைக் கொடுத்தாலே கண்ணில் படக்கூடும். இத்தனை வருடம் ஒரு தவணை தவறாமல் கட்டிய உங்களுக்கு அந்தத் தலைகுனிவு வேண்டாம்.

வரிசை முக்கியம். முதலில் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துப் படிவம் கேளுங்கள். அழைத்த தேதி படிவத்தில் பதிவாகும், ஆறு வாரத்துக்குள் அனுப்பினால் அந்தத் தேதியிலிருந்து பணம் கணக்காகும். ஒவ்வொரு வாரத் தாமதமும் இழப்பு, இதைப் பின்தேதியிட்டுத் தரமாட்டார்கள். அடுத்ததாக ஜிபிக்கும் கவுன்சிலுக்கும் கணவர் பற்றிய கடிதங்கள். அலவன்ஸ் கிடைத்ததும் அதே வாரம் பென்ஷன் கிரெடிட்டுக்கும் கவுன்சில் டாக்ஸ் சலுகைக்கும் விண்ணப்பம். அதுவரை தவணை பாரமாக இருந்தால், பத்து மாதத் தவணையைப் பன்னிரண்டாக மாற்றித் தரக் கேளுங்கள். 198 பவுண்டு 165 ஆகும். கேட்டால் கவுன்சில் மறுக்க முடியாது. அடுத்த நிதியாண்டு தொடங்குமுன் கேட்டுவிட்டால் ஏப்ரலிலிருந்தே நடைமுறைக்கு வரும்.

கணவருடைய தள்ளுபடியைக் கவுன்சில் மறுத்தால், அல்லது இரண்டு மாதமாகியும் பதிலே வராவிட்டால், இந்த வரி வழக்குகளை விசாரிக்கும் வேல்யுவேஷன் டிரிப்யூனலுக்குப் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. பதில் வந்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் போக வேண்டும் என்பதால் கவுன்சிலிலிருந்து வரும் கடிதத்தின் உறையையும் தேதியோடு எடுத்து வையுங்கள்.